பூவைக் கடைசியில் பாருங்கள்

தை பிறந்துவிட்டால் பெங்களூரில் மரங்களுக்குப் பெயர் சொல்லும் வேலையில் இருப்பவர்களுக்கு ஓய்வு கிடையாது. ஜெயநகர், இந்திராநகர், கப்பன் பூங்கா என்று எங்கே திரும்பினாலும் இலை உதிர்ந்த மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். “இது என்ன மரம்?” என்ற ஒரே கேள்வி எல்லாப் பக்கமிருந்தும் வரும். முன்பெல்லாம் கேள்வியோடு ஒரு கொத்தும் வரும். செய்தித்தாளில் சுற்றி, வாடி வதங்கி, பார்க்கச் சகிக்காது. ஆனாலும் காம்பு இருக்கும், புல்லி வட்டம் இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு சுள்ளியும் இருக்கும். பிறகு அச்சுப் போட்ட புகைப்படம் வந்தது, அதன் பின் மின்னஞ்சல், இப்போது வாட்ஸ்அப். படத்தின் தெளிவு ஆண்டுக்கு ஆண்டு கூடியது. அதிலிருந்து எங்களுக்குக் கிடைக்கும் செய்தி ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. நீல வானத்தைப் பின்னால் வைத்து எடுத்த அழகான படத்தில் நிறம் ஒன்றைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இதுதான்: பூத்து நிற்கும் மரத்தை அடையாளம் காண, பூவைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். இலை உதிர்ந்த தழும்பு, பட்டை, போன வருஷத்து நெற்று, பூத்த மாதம், அந்த மரம் அங்கே எப்படி வந்தது என்கிற வரலாறு, இவையெல்லாம் முதலில் பேச வேண்டும்.

பூவை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நகரத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. பெங்களூரில் செர்ரி பூத்திருக்கிறது, ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை என்று வருஷா வருஷம் எழுதுகிறார்கள். செர்ரி மரம் மொட்டு விரிய வேண்டுமானால் அதற்கு முன் பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும், அதுவும் ஏறக்குறைய 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே. பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான், அதுவும் 1884 ஜனவரியில். வானிலைக் கணக்கே வழக்கை முடித்துவிடுகிறது. அது போதாதென்றால் மரத்தடியில் குனிந்து ஒரு பூவை எடுத்துப் பாருங்கள். செர்ரியின் ஐந்து இதழ்களும் தனித்தனி, ஒவ்வொன்றாக உதிரும். நடுவில் கேசரங்கள் கொத்தாக நிற்கும். கொடைக்கானலில் பிளம்ஸ் மரம் பூத்ததைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும், அது செர்ரியின் நெருங்கிய உறவு. பெங்களூர் மரத்தின் பூவோ இதழ்கள் ஒட்டிக் குழலாகி, முழுப் பூவாகவே கீழே விழும். உள்ளே நான்கு கேசரங்கள், இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. செர்ரியோடு இதற்குக் குடும்ப உறவே கிடையாது. இந்த நகரத்தில் செர்ரி என்ற பெயரில் உண்மையிலேயே தெருவுக்குத் தெரு இருக்கும் மரம் வேறு: பிள்ளைகள் பறித்துத் தின்னும் சிங்கப்பூர் செர்ரி, தமிழில் தேன்பழம். அதுவும் செர்ரி இல்லை என்பது தனிக்கதை.

சரி, செர்ரி இல்லை என்று தெரிந்துவிட்டது, அத்துடன் முடிந்ததா? இல்லை. பெங்களூரில் இலையில்லாத கொம்பில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் மரங்களில் அடிக்கடி ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லப்படுபவை மூன்று. தபேபூயா ரோசியா ஒன்று, மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது, எல் சால்வடாரின் தேசிய மரம். ஹாண்ட்ரோஆந்தஸ் இம்பெடிஜினோசஸ் இன்னொன்று, அதுவும் அமெரிக்கக் கண்டத்து மரம், நிறம் கொஞ்சம் அடர்த்தி. மூன்றாவது கிளைரிசிடியா, வயல் வரப்பில் தழை உரத்துக்காக நடுவார்களே, அதுதான். தூரத்திலிருந்து எடுத்த படத்தில் மூன்றும் ஒன்றுதான். கிட்டே போய் ஒரு சுள்ளியை விரல் நுனியால் தடவினால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். இலை உதிர்ந்த இடத்தில் தழும்பு இருக்கும். முதல் இரண்டிலும் தழும்புகள் நேருக்கு நேராக, ஜோடி ஜோடியாக இருக்கும். கிளைரிசிடியாவில் மாறி மாறி வரும். பூ முழுவதும் உதிர்ந்து போனாலும், மரம் மொட்டையாக நின்றாலும், தழும்பு பொய் சொல்லாது. ரோசியாவா இம்பெடிஜினோசஸா என்று பிரிக்கத்தான் புல்லியும் நெற்றும் வேண்டும். ரோசியாவின் புல்லி இரண்டு உதடாகப் பிளந்திருக்கும். மற்றதில் கிண்ணம் போலக் கூடி, ஓரத்தில் ஐந்து சிறு பற்களும் மேலே ரோமமும் இருக்கும். ரோசியாவின் இலையையும் நெற்றையும் லென்ஸில் பார்த்தால் நுண்ணிய செதில்கள் தெரியும். மஞ்சள் பூவிலும் இதே கதைதான். மாசியில் வெயிலில் மின்னுகிற மஞ்சள் மரத்தின் பட்டை தக்கை போல வெடித்து, சிற்றிலை சாம்பல் வெள்ளியாக இருந்தால் அது தபேபூயா ஆரியா. இளங்காயின் மேல் பொன் பழுப்பு ரோமம் இருந்தால் ஹாண்ட்ரோஆந்தஸ் கிரைசோட்ரைக்கஸ். இரண்டின் பூவையும் கையில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் வாதாடலாம்.

தாவரவியல் படித்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். லின்னேயஸ் காலத்திலிருந்து தாவரங்களை வகைப்படுத்துவதே பூவை வைத்துத்தானே, கேசரத்தை எண்ணித்தானே, இலையைப் பார்த்து யார் தாவரத்தை வகைப்படுத்தினார்கள் என்பார்கள். நியாயமான கேள்வி. மந்தாரையில் அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. ஒட்டகக் குளம்பு போன்ற இலை எல்லா மந்தாரைக்கும் உண்டு. அதை வைத்து எந்த மந்தாரை என்று சொல்ல முயல்வது வீண். பௌகினியா பர்ப்யூரியாவில் மகரந்தம் தரும் கேசரம் பெரும்பாலும் மூன்று, இதழ்கள் குறுகி விலகி நிற்கும், மழைக்காலத்தின் பின்பாதியில் இலையோடு பூக்கும். பௌகினியா வேரிகேட்டாவில் ஐந்து, இதழ் அகன்று ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும், மாசி பங்குனியில் ஏறக்குறைய இலையில்லாமல் பூக்கும். ஹாங்காங் கொடியில் இருக்கிறதே அந்த மந்தாரை கலப்பினம், ஒரு நெற்றுகூடப் பிடிக்காது. காசியா ஜவானிக்காவும் அப்படியே: மூன்று நீண்ட கேசரங்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குமிழ் இருக்கும், சரக்கொன்றையில் அது கிடையாது. ஆனால் இந்த உதாரணங்களை ஊன்றிப் பாருங்கள். இங்கே தீர்ப்புச் சொல்வது கையில் பிரித்து, எண்ணி, லென்ஸ் வைத்துப் பார்த்த பூ. லின்னேயஸ் பூ என்றது அதைத்தான். நம் மக்கள் பூ என்று சொல்வது முப்பதடி உயரத்தில் தெரியும் நிறத்தை. பூவை அடையாளமாக நம்பலாம் என்ற விதியைக் கடன் வாங்கி, நிறத்தை நம்பினால் வருகிற வினைதான் பெங்களூர் செர்ரி. அதற்கு மேல், பூ குடும்பத்தைச் சொல்வதில் கெட்டி. ஒரே குடும்பத்துக்குள் இனம் பிரிக்கும்போதுதான் அது அடிக்கடி கைவிடுகிறது. ஜக்கரண்டாவும் தபேபூயாவும் மரமல்லியும் ஒரே குடும்பம். ஜக்கரண்டாவின் காய் தட்டையாக, வட்டமாக, மரம் போலக் கெட்டியாக இருக்கும். மரத்தடியில் ஒன்று கிடந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டியதே இல்லை.

அடுத்த சாட்சி வரலாறு. இதைப் புத்தகம் படித்தவர்கள் சாட்சியாகவே ஏற்க மாட்டார்கள். காம்பிள் 1915-இல் வெளியிடத் தொடங்கி, அவருக்குப் பிறகு ஃபிஷர் 1936-இல் முடித்த மதராஸ் மாகாணத் தாவர நூலும், சல்தானாவும் நிக்கல்சனும் 1976-இல் கொண்டுவந்த ஹாசன் மாவட்டத் தாவர நூலும் எங்கள் மேஜையில் எப்போதும் இருந்தவை. அவை முக்கியமாகக் காட்டிலும் மேட்டிலும் தானாக வளர்வதற்காக எழுதப்பட்டவை. சாலையோரத்து வெளிநாட்டு மரம் அவற்றில் ஓரமாகத்தான் வரும். பெங்களூர் தெருவில் நிற்கும் பூமரமோ யாரோ ஒருவர் ஒரு காலத்தில் ஒரு காரணத்துக்காக வைத்தது. லால்பாக்கின் கண்காணிப்பாளராக 1874 முதல் இருந்த ஜான் கேமரன் உலகமெங்கும் இருந்து செடி கொடிகளை வரவழைத்தார். நம் வீட்டுக் கூட்டில் விழும் பெங்களூர் கத்தரிக்காயும், அதாவது சௌசௌவும், அவர் கைப்பட வந்தது என்பார்கள். அவருக்குப் பிறகு 1908-இல் வந்தார் கிரும்பிகல், ஜெர்மானியர்; கியூ தோட்டத்தில் வேலை பார்த்து, பரோடா மன்னரிடம் இருந்துவிட்டு வந்தவர். ஒரு சாலையில் பூ முடியும்போது இன்னொரு சாலையில் தொடங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, சாலைக்கு ஒரு மரமாக அவர் வைத்தார். அதனால் பழைய பெங்களூரில் ஒரு சாலையில் நான்கு முதிய மரங்களுக்குப் பெயர் தெரிந்தால் ஐந்தாவதற்கும் பெரும்பாலும் அதே பெயர்தான். 1980-களில் வனத்துறையின் சேதுராம் நெகின்ஹால் ஐந்தாறு ஆண்டுகளில் பதினைந்து லட்சம் கன்றுகள் நட வழி செய்தார். அந்தக் கட்டத்தில் நாட்டு மரமும் வெளிநாட்டு மரமும் கலந்து வந்தன. அதற்குப் பிறகு எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நர்சரிக்காரர் எதைக் கொடுத்தாரோ அதுதான் மரம். அடிமரத்தின் பருமனைப் பார்த்து, தெருவின் வயதைப் பார்த்து, எந்தக் கட்டத்தில் வந்தது என்று ஊகித்தாலே இருநூறு இனங்களில் பெரும்பகுதி கழிந்துவிடும். லால்பாக் தோட்டக்காரர்களில் பல தலைமுறையாக இதே தொழில் செய்யும் திகளர் சமூகத்தினர் உண்டு. அவர்களில் மூத்தவர்கள் பட்டையில் நகத்தால் கீறிப் பார்த்தும் யார் நட்ட வரிசை என்று யோசித்தும்தான் பெயர் சொல்வார்கள். பூவை அவர்கள் பெரிதாக மதித்து நான் கண்டதில்லை.

மாதமும் ஒரு சாட்சிதான், ஆனால் அரைச் சாட்சி. மார்கழி தையில் இம்பெடிஜினோசஸ். தையின் பின்பாதியிலிருந்து மாசி வரை ரோசியா. அதே சமயம் முள்முருங்கையும் புரசும் இலவும் சிவப்பாக. பங்குனியில் ஜக்கரண்டா நீலமாக, புங்கமரம் தளிர்த்துப் பூப்பதும் யுகாதிக் காலத்தில். சித்திரை வைகாசியில் குல்மோஹரும் பெருங்கொன்றையும் சரக்கொன்றையும் பூமருதும். இந்த வரிசை பொதுவாகச் சரி. ஆனால் பருவம் தவறிய ஒரு மழையும் அதன் பின் ஒரு வறட்சியும் வந்தால் ரோசியா ஐப்பசியிலேயே இன்னொரு முறை பூத்துவிடும். அப்போது தேதியை மட்டும் நம்பியவர் தடுமாறுவார். ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து மரங்களே மூன்று வாரம் முன்பின் பூப்பதும் சாதாரணம். எனவே தேதி ஒரு பெயரைப் பட்டியலில் மேலே கொண்டுவரலாம், கீழே தள்ளலாம்; அது ஒரு பெயரை முடிவு செய்யக் கூடாது.

இப்போது வலுவான எதிர்வாதம். கையில் போன் இருக்கிறது, கூகுள் லென்ஸ் இருக்கிறது, ஐநேச்சுரலிஸ்ட் இருக்கிறது. இரண்டு நொடியில் பெயர் வருகிறதே, தழும்பையும் நெற்றையும் தேடி அலைவது கிழவர்களின் பிடிவாதம் என்கிறார்கள். இந்தக் கருவிகளை நான் மதிக்கிறேன். ஜக்கரண்டா, குல்மோஹர், நாகலிங்கம் போன்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும் மரங்களில் அவை எங்களைவிட வேகம், பெரும்பாலும் சரி. எங்கள் நேரத்தில் பாதியை மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கின்றன. ஆனால் கருவிக்கு நாம் எதைக் காட்டுகிறோமோ அதுதான் தெரியும். நிறத்தை மட்டும் காட்டினால், அந்த நிறத்தில் உலகத்தில் அதிகம் படம் பிடிக்கப்பட்ட மரத்தின் பெயரை அது முதலில் நீட்டும். இளஞ்சிவப்பில் அது என்ன மரமாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதே கருவிக்குச் சுள்ளியின் தழும்பு, பட்டை, கீழே கிடந்த நெற்று, புல்லியின் அருகாமைப் படம் என்று நான்கைக் காட்டுங்கள், பதில் மாறும். ஐநேச்சுரலிஸ்டில் ஒரு பதிவு ஆய்வுத் தரம் பெற மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டும், குறைந்தது இரண்டு பேராவது வேண்டும். அந்த இரண்டு பேரும் கேட்பது இதே நான்கு படங்களைத்தான். ஆக, கருவி வந்ததால் எங்கள் முறை செத்துவிடவில்லை. முன்பு நாங்கள் கேட்டதை இப்போது கருவியும் கேட்கிறது.

இன்னொரு கேலி உண்டு; அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. விஞ்ஞானிகளே பெயரை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், பிறகு எதற்கு இவ்வளவு சிரமம் என்பது. இம்பெடிஜினோசஸ் நான் தொழிலுக்கு வந்தபோது தபேபூயா அவெல்லனெடே; பிறகு தபேபூயா இம்பெடிஜினோசா; 2007-இல் குரோஸும் ஓல்ம்ஸ்டெட்டும் டிஎன்ஏ பார்த்துத் தபேபூயாவைப் பிரித்த பிறகு ஹாண்ட்ரோஆந்தஸ். ஆரியா அதற்கு முன் அர்ஜென்டியா. பழைய பெயர்ப் பலகைகள் பூங்காக்களில் இன்னும் தொங்குகின்றன, பார்ப்பவர்களைக் குழப்புகின்றன. ஆனால் இந்தப் பிரிவு எதை உறுதிப்படுத்தியது என்று பாருங்கள். ஹாண்ட்ரோஆந்தஸ் என்று ஒதுக்கப்பட்டவற்றில் கட்டை மிகக் கனம், உள்ளே லபச்சால் என்ற வேதிப்பொருள் உண்டு, புல்லியும் இலையும் ரோமம் உடையவை, தபேபூயாவில் செதில். ரோசியாவையும் இம்பெடிஜினோசஸையும் எந்த அடையாளங்களை வைத்துத் தெருவில் நின்று பிரித்தோமோ, அவையே இரண்டு பேரினங்களுக்கான எல்லைக்கோடாக மாறின. பெயர் மாறியது, ரோமமும் செதிலும் மாறவில்லை. நிறத்தை வைத்து யாரும் எந்தப் பேரினத்தையும் உருவாக்கவில்லை.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, பூத்திருக்கிறது, பார்த்து ரசித்துவிட்டுப் போகலாமே என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அவர்கள் மரத்தை வெட்ட அனுமதி கேட்காதவரை. கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டின் மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நகரத்தில் மரத்தை வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும். ஆனால் அதே சட்டத்தில் அனுமதி வேண்டாத மரங்களின் பட்டியல் ஒன்று உண்டு: சவுக்கு, தென்னை, யூகலிப்டஸ், சில்வர் ஓக், சூபாபுல் என்று போகிறது அது. கிளைரிசிடியாவும் அதில் இருக்கிறது, முள்முருங்கை இனமும் இருக்கிறது. இப்போது மேலே சொன்ன குழப்பத்தை நினைத்துப் பாருங்கள். மாசியில் இலையில்லாமல் இளஞ்சிவப்பாக நிற்கும் மரத்தை மனுவில் கிளைரிசிடியா என்று எழுதினால் ஒரு விதி, தபேபூயா என்று எழுதினால் இன்னொரு விதி. தெரியாமல் எழுதினாலும் தெரிந்தே எழுதினாலும் மரத்துக்கு விளைவு ஒன்றுதான். மெட்ரோ வேலைக்கும் சாலை அகலப்படுத்தலுக்கும் மரங்களைக் கணக்கெடுத்த காலங்களில் பட்டியலில் இருக்கும் பெயர் சரிதானா என்பதில்தான் பாதி வாக்குவாதமும் நடந்தது. அங்கே பூ உதவவில்லை. கணக்கெடுப்பு பூக்கும் பருவத்தில் நடக்க வேண்டும் என்று யாரும் விதி வைக்கவில்லை. ஆனியில் மொட்டை மாடி உயரத்துக்குப் பச்சையாக நிற்கும் மரத்தை இலையின் அமைப்பையும் பட்டையையும் வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஐந்து விரல் விரித்தாற்போல் சிற்றிலைகள், நடுவில் இருப்பது பெரிது என்றால் தபேபூயா பக்கம். வரிசையாக இருபுறமும் சிற்றிலை வைத்து நுனியில் ஒன்று நின்றால் கிளைரிசிடியா பக்கம்.

இதில் செய்ய வேண்டியது எளிது. பொறுமை மட்டும் வேண்டும். பூவைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. கூடவே கீழே விழுந்த பூ ஒன்றை எடுத்துப் பிளந்து, புல்லி தெரியும்படி ஒரு படம். சுள்ளியில் தழும்பு ஒரு படம். நெஞ்சு உயரத்தில் பட்டை ஒரு படம். மரத்தடிச் சருகில் தேடிக் கிடைத்த எந்த நெற்றும் ஒரு படம். அந்தப் படங்களோடு தேதியும் தெருவும். பிறகு மரத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும், அங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். பங்குனியிலிருந்து ரோசியாவின் காய்கள் மெல்லிய பயறங்காய் போல நீண்டு தொங்கத் தொடங்கும். சித்திரையில் வெடித்து இறக்கை வைத்த விதைகள் பறக்கும். கேள்விக்கு உறுதியான விடை கிடைக்கும் நேரம் அது. ஆனால் அதற்குள் தளிர் வந்து மரம் அக்கம்பக்கத்துப் பச்சைக்குள் மறைந்துவிடும், எது அந்த மரம் என்று தெருவில் நின்று தேட வேண்டியிருக்கும். அதனால் முதல் நாளே பக்கத்துக் கரண்டுக் கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொள்வது எங்கள் வழக்கம். கம்பம் இல்லாத பூங்காவாக இருந்தால், நுழைவாயிலிலிருந்து எத்தனை தப்படி, எந்தப் பக்கம் என்று எழுதி வைத்தால் போதும்.